ஷாக் நீளம் தப்பா, சரியா? ஜிப்ஸி, ஜீப், தார் ஓட்டுகிறவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

"2 இன்ச் லிஃப்ட் பண்ணியிருக்கேன், அதுக்கு ஏத்த ஷாக் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு ஷாக் அப்சார்பர் பெட்டியை எடுத்து வைத்துவிடுவார். அது உங்கள் வண்டிக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். லிஃப்ட் எத்தனை இன்ச் என்பது வண்டி நிற்கும் உயரத்தைத்தான் சொல்கிறது. சக்கரம் எவ்வளவு மேலே ஏறும், எவ்வளவு கீழே தொங்கும் என்பதைச் சொல்லாது. ஷாக் உடைவது இந்த இரண்டு எல்லைகளில்தான், நிற்கும் உயரத்தில் இல்லை.

அதனால் பெட்டியின் மேல் போட்டிருக்கும் லிஃப்ட் அளவை மறந்துவிட்டு, உள்ளே இருக்கும் ஷாக்கின் இரண்டு அளவுகளைக் கேளுங்கள்: முழுதாக அமுங்கினால் என்ன நீளம், முழுதாக விரிந்தால் என்ன நீளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் ஓட்டம். கண் (போல்ட் நுழையும் வளையம்) வைத்த ஷாக் என்றால் ஒரு போல்ட்டின் மையத்திலிருந்து இன்னொரு போல்ட்டின் மையம் வரை அளப்பார்கள். மேலே நட்டு போடும் கம்பி வகை என்றால் அந்தக் கம்பி தொடங்கும் அடிப்பகுதியிலிருந்து அளப்பார்கள். கம்பியின் நுனியிலிருந்து அளந்து வாங்கி வந்தால் நீளக் கணக்கு மொத்தமும் தப்பிவிடும்.

முதலில், இது நீளப் பிரச்சினைதானா?

நீளம் தப்பான ஷாக் எல்லா நேரமும் சத்தம் போடாது. ஓட்டத்தின் இரண்டு முனைகளில் மட்டும்தான் அடிக்கும். வேகத்தடையை ஓடி ஏறினால், அல்லது ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் மட்டும் கேட்கிறதா? அப்படியென்றால் தொடர்ந்து படியுங்கள். ஜல்லி ரோட்டில், சின்னச் சின்னக் கல்லில்கூட 'கடகட' என்றால் அது கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ், தளர்ந்த நட்டு, அல்லது ஷேக்கிள் (லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) பின் வேலை. மேடு தாண்டிய பிறகும் வண்டி நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் செத்துவிட்டது. அதே நீளத்தில் நல்லதாக ஒன்று போட்டால் போதும்.

அறிகுறி: வேகமாக மேட்டில் ஏறும்போது அடியில் 'டம்' என்று இரும்பு மோதும் சத்தம்

ஷாக் அமுங்கி முட்டுகிறதா, ஆக்ஸில் அளவுக்கு மீறி ஏறாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப் முட்டுகிறதா என்று பிரிப்பதுதான் இங்கே முதல் வேலை. பம்ப் ஸ்டாப் ரப்பர் முட்டினால் சத்தம் மந்தமாக இருக்கும், ஒன்றும் கெடாது, அது முட்டுவதற்கென்றே வைத்தது. ஷாக் முட்டினால் சத்தம் கூர்மையாக இருக்கும். காதை நம்ப வேண்டாம், தடம் பாருங்கள். ரப்பரின் முனையிலும் அது தொடும் ஆக்ஸில் இடத்திலும் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு, சத்தம் வரும் அதே பாதையில் ஒரு முறை ஓட்டுங்கள். சத்தம் வந்தும் கிரீஸ் கலையாமல் இருந்தால், ரப்பருக்கு முன்னால் ஷாக் முட்டிவிட்டது.

ராடு வெளியே தெரியும் ஷாக்காக இருந்தால் இன்னொரு எளிய வழி இருக்கிறது. ராடைச் சுற்றி ஒரு சின்ன கேபிள் டையை ஷாக் உடலை ஒட்டி இறுக்கிவிடுங்கள். ஷாக் அமுங்கும்போது உடல் அதைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்ப விரியும்போது டை அங்கேயே நிற்கும். வண்டி நின்ற பிறகு பார்த்தால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். நம் ஊர் ட்வின்ட்யூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்) ஷாக் பலவற்றில் ராடை மூடி ஒரு தகரக் கவசம் இருக்கும், அதில் இந்த வித்தை பலிக்காது. அங்கே கிரீஸ்தான்.

ஷாக் முட்டிக்கொண்டே இருந்தால் மேல் பிராக்கெட் வெல்டிங்கில் கீறல் விடும், ராடு வளையும், வளைந்த ராடு சீலை அரைத்து எண்ணெய் ஒழுகும். ஒழுகும் ஷாக்கை மட்டும் மாற்றி, அதே நீளத்தில் புதிது போட்டால் அதுவும் ஒழுகத்தான் போகிறது.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலும் லிஃப்ட் பண்ணிய வண்டிகளில்தான் நடக்கும். ஸ்பிரிங்கை வளைவு அதிகமாக்கி 2 இன்ச் தூக்கினீர்கள், அதோடு 2 இன்ச் நீளமான ஷாக்கும் போட்டீர்கள். நீளமான ஷாக் அமுங்கிய நிலையிலும் நீளம்தான். ஆனால் பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆக்ஸில் முன்பு எவ்வளவு மேலே ஏறியதோ அதே அளவுக்கு இப்போதும் ஏறும். அந்த இடத்துக்குள் புது ஷாக் அடங்காது. ஸ்பிரிங்கால் தூக்கிய வண்டிக்கு, பம்ப் ஸ்டாப்பை மாற்றாத வரை, ஷாக்கின் அமுங்கிய நீளம் கம்பெனி அளவுதான் வேண்டும். இதைக் கேட்டால் பலர் நம்ப மறுப்பார்கள். ஜாக்கி போட்டுக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

எப்படித் தூக்கினீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். சேசிஸின் மேல் பாடியை மட்டும் தூக்கும் பாடி லிஃப்ட் என்றால் சேசிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் எதுவும் மாறவில்லை, ஷாக்கைத் தொடவே வேண்டாம். ஷேக்கிளை 2 இன்ச் நீட்டினால் ஆக்ஸிலில் கிடைப்பது ஏறக்குறைய 1 இன்ச்தான். ஜிப்ஸிக்குக் கம்பெனியில் நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், அது ஆக்ஸிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். அதை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றும் ஸ்பிரிங்-ஓவர் வேலை செய்தவர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்கிய அளவுக்கு பம்ப் ஸ்டாப்பும் ஆக்ஸிலும் விலகிவிடும். ஸ்டாப்பைக் கீழே இறக்காமல் விட்டால், ஸ்பிரிங் தலைகீழாக வளையும் வரை சக்கரம் மேலே போகும். அந்த நிலையில் எந்த ஷாக்கும் தாங்காது, மெயின் பிளேட்டும் தாங்காது.

அறிகுறி: சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று இழுத்துப் பிடிக்கும் சத்தம்

இது எதிர்ப்பக்கம். ஷாக் முழுதாக விரிந்துவிட்டது, ஸ்பிரிங் இன்னும் இறங்கப் பார்க்கிறது. சக்கரத்தின் எடை, ஆக்ஸிலின் எடை எல்லாம் ஷாக்கின் உள்ளே இருக்கும் பிஸ்டன் நட்டில் தொங்குகிறது. ஷாக்கைக் கழற்றிக் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். ஒரே திசையில் நசுங்கி ஓட்டை நீள்வட்டமாக இருந்தால் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். கம்பி வகையில் மேல் வாஷர் கிண்ணம் போலக் குழிந்திருக்கும்.

லீஃப் ஸ்பிரிங் வண்டியில் உறுதி செய்வது சுலபம். சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். ஆக்ஸில் இன்னும் கீழே இறங்கினால், இத்தனை நாளும் ஷாக்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு நீளம் குறைவு. போல்ட்டைக் கழற்றும்போது ஆக்ஸிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி இருக்கட்டும். பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்தால் அது வேறு செலவு.

லீஃப் வண்டியில் கீழ் எல்லையை ஸ்பிரிங்கும் ஷேக்கிளும் சேர்ந்து வைக்க வேண்டும், ஷாக் வைக்கக் கூடாது. காயில் ஸ்பிரிங் வண்டியில் நிலைமை நேர்மாறு, அது கீழே வருகிறது.

எப்படி அளப்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். நீங்கள் வழக்கமாக எடுத்துப் போகும் சாமான், ஸ்பேர் டயர், பம்பர், வின்ச் எல்லாம் வண்டியில் இருக்கட்டும். மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம் வரை அளந்தால் அது நிற்கும் நீளம். 430 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது மேல் எல்லை. காலி வண்டியில் ஜாக்கி போட்டு லீஃப் ஸ்பிரிங்கை முழுதாக அமுக்க முடியாது, வண்டிதான் தூக்கிக்கொள்ளும். அதனால் கணக்குப் போடுவோம். பம்ப் ஸ்டாப் முனைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும், 70 மி.மீ. என்று வைப்போம். ரப்பர் 40 மி.மீ. உயரம் என்றால் பலமான அடியில் ஏறக்குறைய பாதி நசுங்கும், அது 20. ஆக மொத்தம் 90 மி.மீ. மேலே போகும். ஷாக் ஏறக்குறைய நிமிர்ந்து நின்றால் 430-லிருந்து 90 போக 340 மி.மீ. இதுதான் அந்த இடம் சுருங்கும் குறைந்தபட்ச நீளம்.

கீழ் எல்லைக்கு முன்பு சொன்ன தொங்கவிடும் முறைதான். ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஆக்ஸில் தானாக நிற்கும் இடத்தில் அளவெடுங்கள். 540 மி.மீ. என்று வருகிறது.

இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். அமுங்கிய நீளம் 340-ஐவிட 20 குறைவாக, அதாவது 320. விரிந்த நீளம் 540-ஐவிட 15 அதிகமாக, அதாவது 555. இந்த 20 வீண் இல்லை. பம்ப் ஸ்டாப் சேசிஸுக்கு நேர் கீழேயும் ஷாக் அதற்கு வெளியே சக்கரத்தை ஒட்டியும் இருக்கும் வண்டிகளில், ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது ஆக்ஸில் அந்த ஸ்டாப்பின் மேல் சாய்ந்து திரும்பும். வெளியே இருக்கும் ஷாக் கணக்கைவிட இன்னும் கொஞ்சம் அமுங்கும். வரப்பிலோ கல்லிலோ குறுக்காக ஏற்றி, முன் இடதும் பின் வலதும் மேலே இருக்கும்படி நிறுத்திப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

பழைய வண்டியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் படுத்துப் போன நிலையில் அளந்து ஷாக் வாங்கி, அப்புறம் ஸ்பிரிங்கைக் கட்டினால் எல்லா அளவும் மாறிவிடும். முதலில் ஸ்பிரிங், பிறகு அளவு, கடைசியில் ஷாக்.

அந்த அளவில் ஷாக்கே கிடைக்கவில்லை

கிடைக்காது. மேலே வந்த கணக்கில் 320-லிருந்து 555 வரை 235 மி.மீ. ஓட்டம் கேட்கிறோம். ஷாக்கின் அமுங்கிய நீளத்தில் ராடு உள்ளே போகும் இடம் தவிர, இரண்டு கண், பிஸ்டன், சீல், வால்வு எல்லாம் உட்கார ஒரு செத்த நீளம் வேண்டும். 320-ல் 235 போனால் மிச்சம் 85 மி.மீ. அதற்குள் இவை அடங்குவது கஷ்டம். ஒரே குழாய் கொண்ட மோனோட்யூப்பில் வாயுவுக்கும் மிதக்கும் பிஸ்டனுக்கும் தனி இடம் வேண்டும் என்பதால் அதே ஓட்டத்துக்கு இன்னும் நீளம் பிடிக்கும்.

செத்த நீளம் 125 மி.மீ. உள்ள இரண்டு ஷாக்குகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 340-லிருந்து 555 வரை. இன்னொன்று 320-லிருந்து 515 வரை. முதலாவது போட்டால் மேலே இடிக்கும், இரண்டாவது போட்டால் கீழே இழுக்கும். பலர் இரண்டாவதை எடுப்பார்கள், போட்டவுடன் எதுவும் முட்டாது என்பதால். என் தேர்வு முதலாவது. பம்ப் ஸ்டாப்புக்கும் சேசிஸுக்கும் நடுவில் 20 மி.மீ. இரும்புத் துண்டு வைத்து இறக்கினால் குறைந்தபட்ச நீளம் 360 ஆகிவிடும், 20 மி.மீ. மிச்சமும் கிடைக்கும். லேத் பட்டறையில் முடியும் வேலை, செலவும் குறைவு. ஸ்டாப்பைத் தொட இன்னும் 50 மி.மீ. இருக்கிறது, ரப்பர் நசுங்குவதையும் சேர்த்தால் 70. மெதுவாகப் பாறை ஏறும் வண்டிக்கு இது போதும். கீழே தொங்கும் 110 மி.மீ. முழுதாகக் கையில் இருக்கிறது, சக்கரம் தரையை விடாமல் பிடிப்பது அதனால்தான்.

ஆள் ஏற்றும் வண்டிக்கு இந்தத் தேர்வு பொருந்தாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகள் மாதிரி எப்போதும் நிறைய ஆட்களோடு போகிற வண்டி ஏற்கனவே தாழ்ந்துதான் நிற்கும். அதற்கு மேலே போகும் இடம்தான் முக்கியம். ஸ்டாப்பை இறக்கினால் ஒவ்வொரு கல்லிலும் முட்டும். அப்படிப்பட்ட வண்டிக்குக் குட்டையான இரண்டாவது ஷாக்கும், 505 மி.மீ. அளவில் ஆக்ஸிலைப் பிடித்துக்கொள்ளும் லிமிட் ஸ்ட்ராப்பும் சரி. ஸ்ட்ராப் நைலான் பட்டை, எடை விழுந்தால் கொஞ்சம் நீளும். அதனால் சற்றுக் குட்டையாகவே கட்டுங்கள்.

மூன்றாவது வழி ஷாக் பிராக்கெட்டை நகர்த்துவது. கடையில் கிடைக்கும் 2 இன்ச் நீட்டிப்பு பிராக்கெட்டும் இதில் சேர்த்தி. அது ஓட்டத்தைக் கூட்டாது, பழைய ஷாக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். தூக்கிய வண்டியில் கம்பெனி ஷாக்கை அப்படியே வைத்துக்கொள்ள நினைக்கிறவர், எஸ்டேட் ரோட்டைத் தாண்டிப் போகாதவர் என்றால் அதுவே போதும். ஆனால் பிராக்கெட் கீழே தொங்கினால் கல்லில் முதலில் அடிபடுவது அதுதான்.

அறிகுறி: சக்கரம் தொங்கும்போது காயில் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகர்கிறது, அல்லது பிரேக் ஹோஸ் விறைக்கிறது

ஷாக் அளவுக்கு மீறி நீளம். ஜிம்னி போல முன்னும் பின்னும் காயிலும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும் வண்டிகளில் கீழ் எல்லையை வைப்பது ஷாக்தான். நீளமான ஷாக் போட்டால் ஆக்ஸில் இன்னும் இறங்கும், காயில் தளர்ந்து குலுங்கும், திரும்ப ஏறும்போது கோணலாக உட்காரும். காயிலைக் கழற்றாமல் ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, கையால் காயிலைத் திருப்பிப் பாருங்கள். சுழன்றால் ஷாக் நீளம் அதிகம். காயிலைப் பிடிக்கும் கிளிப் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அதற்கு முன்னால் பிரேக் ஹோஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், யுனிவர்சல் ஜாயிண்ட் மூன்றையும் பார்க்க வேண்டும்.

பிரேக் ஹோஸ் எங்கும் விறைக்கக் கூடாது. முன் சக்கரத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஸ்ப்லைன் (நீள நீளப் பற்களோடு உள்ளே வெளியே நகரும் பகுதி) வெளியே தெரியும் இடத்தில், வண்டி தரையில் நிற்கும்போது பெயின்ட் கோடு போட்டு வைத்து, தொங்கும்போது எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கையால் சுழற்றினால் யுனிவர்சல் ஜாயிண்ட் எங்காவது கட்டிப் பிடிக்கிறதா என்றும் தெரியும். பிடித்தால் ஷாக்கைக் குட்டையாக்குங்கள், அல்லது ஸ்ட்ராப் கட்டுங்கள். இங்கே நீளமாக இருப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

அறிகுறி: ஷாக் சாய்ந்திருக்கும் வண்டியில் கணக்கு ஒத்துவரவில்லை

பின் ஆக்ஸிலில் ஷாக் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், ஆக்ஸில் நேராக மேலே போகும் தூரம் முழுதும் ஷாக்குக்கு வராது. செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வு என்றால் ஏறக்குறைய 87 சதவீதம், 45 டிகிரி என்றால் 71 சதவீதம். ஆக்ஸில் 200 மி.மீ. அசைந்தால் 30 டிகிரியில் ஷாக் 173 மி.மீ. அசையும். அப்படியென்றால் சாய்த்து வைத்தால் குட்டை ஷாக்கே போதுமே என்று தோன்றும். போதும்தான், ஆனால் ஷாக்கின் பிடி அதைவிட வேகமாகக் குறையும்: 30 டிகிரியில் முக்கால் பங்கு, 45-ல் பாதி. நீளம் சரியாக இருந்தும் வண்டி மிதப்பது போல ஆடினால் சாய்வை ஒரு முறை பாருங்கள். மேல் பிராக்கெட்டை மாற்றி வைக்கும்போது எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்துவது நல்லது, சாய்ந்த ஷாக் டயரிலோ சேசிஸிலோ உரசாமலும் இருக்கும்.

அறிகுறி: முன்பக்கம் தூக்கிய பிறகு சின்னப் பள்ளத்திலும் முன்னால் 'டக்'

2010 முதல் 2020 வரை வந்த பழைய தார் சிஆர்டிஇ-யில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுங்கி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு. அதன் போல்ட்டை முறுக்கி உயரத்தைக் கூட்டுவது எல்லோரும் செய்கிற வேலை. அதில் சக்கரத்தின் மொத்த ஓட்டம் கூடுவதில்லை. நிற்கும் இடம் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, அவ்வளவுதான். சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கைகள் (கன்ட்ரோல் ஆர்ம்) கீழ் ஸ்டாப்பைத் தொடுவதுதான் அந்தச் சத்தம். நீளமான ஷாக் வாங்கினால் காசுதான் போகும். முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் சத்தம் போய்விடும். 2020-க்குப் பிறகு வந்த தாரில் முன்பக்கம் காயிலும் ஷாக்கும் ஒன்றாக இருக்கிறது. அதில் ஸ்பேசர் வைத்துத் தூக்குவதும் ஏறக்குறைய இதே கதைதான். ஷாக் ஆக்ஸிலிலோ சக்கரத்திலோ நேரடியாக இல்லாமல் கையின் நடுவில் மாட்டியிருப்பதால், ஷாக்கில் 1 இன்ச் என்பது சக்கரத்தில் 1 இன்ச்சுக்கு மேல் வரும். பால் ஜாயிண்ட்டும் சிவி ஜாயிண்ட்டும் எந்தக் கோணம் வரை தாங்கும் என்பதே அங்கே எல்லை.

போட்ட பிறகு

ரப்பர் புஷ் வைத்த கண்களின் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ட்வின்ட்யூப் ஷாக்கைத் தலைகீழாக மாட்டாதீர்கள், காற்று உள்ளே ஏறிப் பிடிமானம் போய்விடும். மோனோட்யூப்பில் அந்தத் தொல்லை இல்லை. பழைய வாயு ஷாக்கை வெட்டுவது, சூடாக்குவது, துளை போடுவது எதுவும் வேண்டாம், உள்ளே அழுத்தம் இருக்கிறது.

பிறகு ஸ்டாப்பில் கிரீஸ் தடவி, ராடு தெரிந்தால் கேபிள் டையும் கட்டி, வழக்கமாகப் போகும் மோசமான பாதையில் ஒரு நடை போய் வாருங்கள். கிரீஸில் தடம் விழுந்து, டையும் முனைக்கு 10, 15 மி.மீ. முன்பே நின்றிருந்தால் அளவு பொருந்திவிட்டது. டை ராடின் முனையில் போய் ஒட்டியிருந்தால் ஸ்டாப்பை இன்னும் 10 மி.மீ. இறக்கிவிட்டு மறுபடி அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள்.